எழுந்து நின்றார்கள், பாடவில்லை

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக நுழைந்து கண்காணிப்பாளராக வெளியே வந்தவன் நான். முப்பத்து நான்கு வருடச் சேவை. என் கையால் எத்தனை சுற்றறிக்கைகள் போயிருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் மை தடவி உருட்டிய காலம் அது. சட்டைக் கையில் மை படாமல் வீட்டுக்குப் போன நாள் குறைவு.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், சட்டம் வேறு, விதி வேறு, சுற்றறிக்கை வேறு. சட்டம் மக்கள் பிரதிநிதிகள் சபையில் விவாதித்து நிறைவேற்றுவது. விதி, அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு எழுதி கெஜட்டில் போடுவது. சுற்றறிக்கை என்பது மேலே இருக்கிற அதிகாரி கீழே இருக்கிற அதிகாரிக்கு எழுதுகிற கடிதம், அவ்வளவுதான். ஆனால் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் மேஜைக்கு வந்து சேரும்போது மூன்றும் ஒன்றாகிவிடும். "மேலேயிருந்து வந்திருக்கு" என்ற ஒரே வார்த்தைக்குள் எல்லாம் அடங்கிப் போகும்.

இந்த வித்தியாசத்தால் மூன்று பிள்ளைகளின் படிப்பு தப்பித்த கதை ஒன்று உண்டு. நமக்குப் பக்கத்தில், கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்துக் கிடங்கூரில் நடந்தது. 1985-ல் தொடங்கி 1986 ஆகஸ்டில் டில்லியில் முடிந்தது. சட்டக் கல்லூரியில் இன்றும் பாடமாக இருக்கிற வழக்கு இது. பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள மாநிலம் என்று பெயர்.

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் நம்முடையது. அன்று எங்கள் அலுவலகத்தில் மலையாளப் பத்திரிகை வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் இந்தச் செய்தி எங்களுக்குச் சுடச்சுட வந்து சேர்ந்தது. டீக்கடையிலும் டைப்பிங் செக்‌ஷனிலும் இதைப் பற்றி நடந்த சண்டைகள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஒருவன், தங்கைகள் இருவர். மூவரும் ஒரே பள்ளியில் படித்தார்கள். பெரியவன் பத்தாம் வகுப்பு, அடுத்தவள் ஒன்பது, கடைக்குட்டி ஐந்து. குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. இவர்களை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். பைபிளும் சின்னப் பத்திரிகையுமாக வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். தேர்தலில் ஓட்டுப் போட மாட்டார்கள், ராணுவத்தில் சேர மாட்டார்கள், எந்த நாட்டின் கொடிக்கும் வணக்கம் செய்ய மாட்டார்கள், எந்த நாட்டின் கீதத்தையும் பாட மாட்டார்கள். துதி என்பது ஒருவருக்கு மட்டும்தான் என்பது அவர்களுடைய உறுதி.

காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஜன கண மன பாடும்போது இந்தப் பிள்ளைகள் மற்ற எல்லோரையும் போல எழுந்து நிற்பார்கள். ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். இவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காக்களும் அப்படியே செய்தார்கள். வருடக்கணக்காக இது நடந்தது. ஆசிரியர்கள் பார்த்தார்கள், மற்ற பிள்ளைகள் பார்த்தார்கள், யாருக்கும் இது ஒரு விஷயமாகப் படவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் இது பட்டது. தேசபக்திக் குறைவு என்று அவருக்குத் தோன்றியது. சட்டசபையில் கேள்வி போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சட்டமன்றக் கேள்வி என்றால் என்ன என்று அரசு அலுவலகத்தில் வேலை பார்க்காதவர்களுக்குப் புரிவது கஷ்டம். இது கேரளத்துக்கு மட்டுமான சங்கதி இல்லை, எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான். எங்கள் அலுவலகத்துக்குச் சட்டமன்றக் கேள்வி ஒன்று வந்தால் அன்று யாரும் மாலை பஸ்ஸைப் பிடிக்க முடியாது. தலைமைச் செயலகத்திலிருந்து இயக்குநருக்கு, அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து எங்களுக்கு என்று அது இறங்கி வரும்போதே ஒவ்வொரு படியிலும் பயம் கூடிக்கொண்டே வரும். மேலே ஒரு வரியில் கேட்டிருப்பார்கள். கீழே வரும்போது அதன் அர்த்தம், "உன் பேரில் நடவடிக்கை வராமல் இருக்க என்ன செய்யப் போகிறாய்?" என்று மாறியிருக்கும். உண்மை நிலவரம் என்ன என்பதைவிட, "நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது" என்று பதில் எழுத வழி உண்டா என்பதே எல்லோருக்கும் கவலை. அந்த ஐந்து வார்த்தை, ஆறு வார்த்தைப் பதிலுக்காக எத்தனையோ பேர் அவசியமில்லாமல் பந்தாடப்பட்டதை என் சேவைக் காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கிடங்கூரிலும் அப்படித்தான் ஆயிற்று. விசாரணைக்கு ஒரு கமிஷன் போட்டார்கள். பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள், தேசிய கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றே கமிஷன் சொன்னதாக உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதோடு கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. பள்ளித் துணை ஆய்வாளர் அறிவுறுத்த, தலைமையாசிரியை 1985 ஜூலை 26 முதல் மூவரையும் பள்ளியைவிட்டு நீக்கினார். அரசின் முடிவு வரும்வரையாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார விடுங்கள் என்று தகப்பனார் எழுதிக் கேட்டார். தலைமையாசிரியை, என்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று கையை விரித்தார்.

அந்தத் தலைமையாசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதே பிள்ளைகள் இத்தனை வருடம் வாய் மூடி நின்றதை அவரும் அவருடைய ஆசிரியர்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். மேலே இருந்து வந்த உத்தரவு அவர் கையெழுத்தைக் கேட்டது. அவர் இடத்தில் எங்கள் மாவட்டத்துத் தலைமையாசிரியர் யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

பிள்ளைகள் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் தனி நீதிபதி, பிறகு இரு நீதிபதிகள் அமர்வு. இரண்டு இடத்திலும் தோல்வி. உயர் நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? தேசிய கீதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தது. இதில் யாருடைய மத உணர்வையும் புண்படுத்துகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆகவே பாட மறுப்பதற்கு நியாயம் இல்லை என்று முடிவு சொன்னது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பெரும்பாலானோர் இதைத்தான் சொன்னார்கள். எங்கள் நேர்முக உதவியாளர் ஒரு பழைய ஆசிரியர், கண்டிப்பானவர். "இன்னைக்கு மூணு பேர் பாடலைன்னா விட்டுடலாம் சார். நாளைக்கு முப்பது பேர் பாட மாட்டான். அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்பார். அவர் சுதந்திரப் போராட்டக் காலத்தில் சிறுவனாக இருந்தவர். கொடியைப் பிடித்ததற்காக அடி வாங்கியவர்களைக் கண்ணால் பார்த்தவர். அவருக்கு அந்தப் பாட்டு வெறும் பாட்டில்லை. அவர் பேச்சை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை, இன்றும் வராது.

எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான். எங்கள் பில் செக்‌ஷன் உதவியாளர், கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் இந்தப் பிள்ளைகளுக்காக வாதாடியது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. "என்ன அண்ணாச்சி, யெகோவா கட்சியில சேர்ந்துட்டீங்களா?" என்று கிண்டல் பண்ணினார்கள். அவர் அசரவில்லை. "அவங்க சாமியை நான் நம்பலை. ஆனா நம்ம ஆபீஸ் விழாவுல கடவுள் வாழ்த்து பாடும்போது நான் எந்திரிச்சு நிக்கேன், வாயைத் திறக்கேனா? இருபது வருஷமா ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டா, அந்தப் பிள்ளைகள் சொன்னதைத்தான் நானும் சொல்லணும்" என்றார்.

அன்று அவர் சொன்னது அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது. மத சுதந்திரப் பிரிவு என்று நாம் சொல்வோம். ஆனால் அதில் முதலில் வருவது மதம் இல்லை, மனச்சாட்சிச் சுதந்திரம். அதற்குப் பிறகுதான் மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை என்று வருகிறது. சாமி கும்பிடுகிறவனுக்கும் கும்பிடாதவனுக்கும் பொதுவான கூரை அது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்று வரம்பும் போட்டிருக்கிறார்கள். மனச்சாட்சி என்று சொல்லிக்கொண்டு எதையும் செய்துவிட முடியாது.

1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுதந்திர தினத்துக்கு நாலே நாள் இருந்தது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டி, எம்.எம். தத். தீர்ப்பை எழுதியவர் சின்னப்ப ரெட்டி. ஓய்வுக்குப் பிறகு வக்கீல் நண்பர் ஒருவரிடம் வாங்கி முழுவதையும் படித்தேன். நீதிமன்றத் தீர்ப்பு என்றால் ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியம் என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்தேன். அப்படி இல்லை. முதல் பக்கம் சிறுகதை மாதிரி போகிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள். அந்தச் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நீதிபதியின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வி, என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்த கேள்வி. தேசிய கீதத்தை எல்லோரும் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

தேடிப் பார்த்தார்கள். 1971-ஆம் வருடத்து தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 3-ஆவது பிரிவு, கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவருக்கும், பாடிக்கொண்டிருக்கிற கூட்டத்தில் குழப்பம் செய்பவருக்கும் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. இந்தப் பிள்ளைகள் தடுக்கவும் இல்லை, குழப்பம் செய்யவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு, கொடியையும் கீதத்தையும் மதிப்பது குடிமகனின் கடமை என்கிறது. 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் 42-ஆவது திருத்தமாக வந்தது இது. உரிமைகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்த நேரத்தில் கடமைகளைச் சேர்த்தார்கள் என்பது தனிக் கதை. அதிலும் மதிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, பாட வேண்டும் என்று இல்லை. எழுந்து நிற்பது மரியாதை இல்லையென்றால் வேறு எது மரியாதை?

கடைசியில் கேரள அரசின் கையில் மிஞ்சியது இரண்டு சுற்றறிக்கைகள். ஒன்று 1961, இன்னொன்று 1970. பள்ளிகளில் காலைக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும், தேசிய கீதம் பாட வேண்டும் என்று கல்வித் துறை அனுப்பியவை.

இங்கேதான் வழக்கு திரும்பியது. ஒரு குடிமகனின் பேச்சுரிமையைக் குறைக்க வேண்டும் என்றால் 19-ஆவது பிரிவின்படி அதற்கு ஒரு சட்டம் வேண்டும். 25-ஆவது பிரிவிலும் அப்படித்தான். துறைக்குள் அனுப்பிக்கொள்கிற கடிதம் சட்டம் ஆகாது. இது புதிதாகச் சொன்னதும் இல்லை. 1962-லேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லை என்று விடுதலையான ஒருவர் மேல் போலீஸ் சரித்திரப் பதிவேடு திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. எந்த அதிகாரத்தில் என்று கேட்டால், போலீஸ் ஒழுங்குமுறைக் கையேட்டைக் காட்டினார்கள். அது உங்கள் இலாகா ஏற்பாடு, சட்டம் இல்லை என்று சொல்லி, ராத்திரிக் கதவு தட்டலை நீதிமன்றம் நிறுத்தியது. கதவைத் தட்டிய போலீஸ்காரருக்கும் கையேட்டுக்கும் இருந்த உறவுதான், கிடங்கூர்த் தலைமையாசிரியைக்கும் சுற்றறிக்கைக்கும்.

இதைப் படித்தபோது, ஸ்டென்சில் வெட்டின கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அடுத்து, உயர் நீதிமன்றம் பாட்டின் வார்த்தைகளை அலசியதைப் பற்றி. அது வழி தவறிய ஆராய்ச்சி என்று சின்னப்ப ரெட்டி சொல்லிவிட்டார். பிள்ளைகள் வார்த்தையை ஆட்சேபிக்கவே இல்லையே. எந்த நாட்டின் கீதமானாலும் பாட மாட்டோம் என்பதல்லவா அவர்கள் கட்சி? அந்த நம்பிக்கை நீதிபதிக்குச் சரியென்று படுகிறதா, அறிவுக்குப் பொருந்துகிறதா என்பது விஷயம் இல்லை. அதை அவர்கள் உண்மையாக, மனதார நம்புகிறார்களா என்பதுதான் விஷயம். வழக்குக்காகக் கட்டிய வேஷமா, உண்மையா? உலகம் முழுக்க இந்தப் பிரிவினர் இதற்காகவே கோர்ட் ஏறியிருக்கிறார்கள் என்பதை நீதிபதிகள் பார்த்தார்கள். பேசுகிற உரிமை என்றால் பேசாமல் இருக்கிற உரிமையும் அதில் உண்டு என்றார்கள். மூன்று பிள்ளைகளையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், படிப்புக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நம் பாரம்பரியமும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்புத்தன்மையின் பக்கம் இருக்கின்றன, அதில் தண்ணீர் கலக்க வேண்டாம் என்ற பொருளில் தீர்ப்பை முடித்திருக்கிறார்.

தீர்ப்பில் அமெரிக்க வழக்குகள் இரண்டு பேசப்படுகின்றன. அவற்றையும் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான், ஏனென்றால் அங்கே இதே கேள்விக்கு ஒரே நீதிமன்றம் மூன்று வருட இடைவெளியில் நேர் எதிரான இரண்டு பதில் சொன்னது.

1935-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊர். இதே பிரிவைச் சேர்ந்த அக்காள் பன்னிரண்டு வயது, தம்பி பத்து வயது. வகுப்பில் கொடி வணக்கம் செய்ய மறுத்ததால் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் கொடி வணக்கம் எப்படி என்றால், வலக் கையைக் கொடியை நோக்கி நீட்டிப் பிடிக்க வேண்டும். பழைய புகைப்படங்களைப் பார்த்தால் திடுக்கென்று இருக்கும், ஹிட்லருக்குக் கை நீட்டுவது போலவே தெரியும். யுத்தம் வந்த பிறகு அவர்களுக்கே உறைத்தது. 1942 டிசம்பரில் அதை மாற்றி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டால் போதும் என்று ஆக்கினார்கள்.

அந்த வழக்கில் 1940 ஜூன் 3 அன்று தீர்ப்பு. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகள் தோற்றார்கள். தீர்ப்பை எழுதியவர் ஃபீலிக்ஸ் ஃப்ராங்க்ஃபர்ட்டர். ஆஸ்திரியாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்த யூதர். கெட்ட மனுஷர் இல்லை. தேச ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்புக்கு அடிப்படை, அதைப் பள்ளியில் எப்படி வளர்ப்பது என்பதைப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்கள் முடிவு செய்யட்டும், நீதிபதி தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். ஐரோப்பாவில் பிரான்ஸ் விழுந்துகொண்டிருந்த மாதம் அது. தனியாக எதிர்த்தவர் ஸ்டோன் என்ற நீதிபதி.

தீர்ப்பு வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்கள் தேசத் துரோகிகள் என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். பல ஊர்களில் யெகோவாவின் சாட்சிகளைக் கும்பல் சேர்ந்து அடித்தது. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய கூடத்துக்குத் தீ வைத்தார்கள். தீர்ப்பு எழுதியவர் எண்ணியது தேச ஒற்றுமை, தெருவில் கிடைத்தது இது. அதே நேரம் ஜெர்மனியில், ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்த இதே பிரிவினரைச் சட்டையில் ஊதா முக்கோணம் தைத்து வதை முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாட்டையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் அந்த ஜனங்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஹிட்லரை எதிர்த்து யுத்தத்துக்குத் தயாராகிற நாட்டிலும் அவர்களுக்கு அடி.

1942-ல் மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் கொடி வணக்கத்தைக் கட்டாயம் ஆக்கியது. செய்யாத பிள்ளையை வெளியேற்றுவார்கள். வெளியேற்றிய பிள்ளை பள்ளிக்கு வராததால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்காகப் பெற்றோருக்கு ஐம்பது டாலர் வரை அபராதம், முப்பது நாள் வரை சிறை! கதவைப் பூட்டிவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது மாதிரி. அந்த வழக்கு, பார்னெட் வழக்கு, 1943 ஜூன் 14 அன்று முடிந்தது. அமெரிக்காவின் கொடி நாள் அது. ஆறுக்கு மூன்று என்று பிள்ளைகள் ஜெயித்தார்கள். 1940-ல் எதிர்ப்பக்கம் நின்ற பிளாக், டக்ளஸ், மர்ஃபி மூவரும் இப்போது பிள்ளைகள் பக்கம் வந்திருந்தார்கள். தாங்கள் தவறாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக 1942-லேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அந்த மாதிரி நீதிபதிகள் எங்கேயும் அபூர்வம்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ராபர்ட் ஜாக்சன். பிறகு நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்கள் மேல் வழக்கு நடத்தப் போனவரும் இவரே. அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ இதுதான் சரியான கருத்து என்று எந்த அதிகாரியும், பெரியவரோ சின்னவரோ, விதித்துவிட முடியாது, அதை வாயால் ஒப்புக்கொள் என்று குடிமகனைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். ஃப்ராங்க்ஃபர்ட்டர் மாறவில்லை. நானும் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையில் பிறந்தவன்தான், ஆனால் நீதிபதி தன் விருப்பத்தைச் சட்டமாக்கக் கூடாது என்று நீளமாக எதிர்த்து எழுதினார். சட்டத்தைத் திருத்த வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள்தான் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் மைனர்ஸ்வில்லில் ஓட்டுக் கேட்டுப் போனால் ஒரு சிறுபான்மைக் குடும்பத்துக்காக யார் கை தூக்குவார்கள்? எண்ணிக்கை பலம் இல்லாதவனுக்குச் சட்டசபையால் பெரிய உபயோகம் இல்லை. கிடங்கூர்ப் பிள்ளைகளுக்குச் சட்டசபையிலிருந்து வந்ததே தொல்லைதான்.

நேர்முக உதவியாளர் பயந்த மாதிரி, இந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக தேசிய கீதம் பாடுவதை நிறுத்திவிட்டார்களா? நான் ஓய்வு பெறும்வரை எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு புகார்கூட என் மேஜைக்கு வரவில்லை. பாடுகிற பிள்ளைகள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், பாதிப் பேர் சுருதி இல்லாமல்.

சினிமா தியேட்டர் விவகாரம் நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. 1962 சீன யுத்தத்துக்குப் பிறகு படம் முடிந்ததும் திரையில் கொடி பறக்கும், ஜன கண மன ஒலிக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் அதற்குள் வாசலைத் தாண்டியிருப்பார்கள். சங்கடமாக இருந்தது, மெல்ல மெல்ல அந்த வழக்கமே நின்றுபோனது. 2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றமே, எல்லாத் தியேட்டரிலும் படத்துக்கு முன்னால் கீதம் போட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சில ஊர்களில் எழுந்து நிற்காதவர்களைப் பக்கத்து சீட்காரர்கள் அடித்த செய்தியெல்லாம் வந்தது. 2018 ஜனவரி 9 அன்று அதே நீதிமன்றம், போடுவது கட்டாயமில்லை, தியேட்டர்காரர்கள் விருப்பம் என்று மாற்றியது.

நம் தமிழ்நாட்டிலும் இதே கேள்வி வேறு ஒரு பாட்டின் பேரில் வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ அரசு உத்தரவோ கிடையாது என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே மாதம் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, பாடும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு என்று அரசாணை போட்டுவிட்டது. ஒரு கோப்பு அந்த வேகத்தில் நகர்ந்ததை என் முப்பத்து நான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நான் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழுந்து நிற்கிறவன். கூடவே பாடவும் செய்வேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். எழுந்து நின்று வாய் திறக்காமல் இருப்பவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது, 1986 தீர்ப்பு அதற்குப் போதும். மனச்சாட்சியின் பேரில் ஒருவர் உட்கார்ந்தே இருந்தால்? அந்தத் தீர்ப்பில் இதற்கு விடை தேடிப் பார்த்தேன், இல்லை. கிடங்கூர்ப் பிள்ளைகள் தினமும் எழுந்து நின்றதால் நீதிபதிகளுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை.